சிறைக் காவலர் வேலை: சேரலாமா, சேர்ந்து மறுக்கலாமா, விட்டுவிடலாமா?

அக்கா மகன் இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகத் தேர்வாகிவிட்டான் என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. அம்மா மட்டும் தட்டில் வைத்த மைசூர்பாகைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏஞ்சாமி, தூக்குல போடற சோலியும் இவன்தான் பாக்கோணுமா?"

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. ராத்திரி போன் பண்ணினான். "மாமா, அம்மாயி கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையே?"

பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அது லேசான கேள்வி இல்லை என்று தெரிந்தது. ஒரு மாதமாக அவனும் நானும் இதையே பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் முன்னால் மூன்று வழிகள். வேலையில் சேர்ந்து, என்ன உத்தரவு வந்தாலும் செய்வது. சேர்ந்துவிட்டு, அந்த ஒரே ஒரு உத்தரவு வந்தால் மட்டும் முடியாது என்பது. வேலையே வேண்டாமென்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்துவிடுவது. சீருடை வேலைக்கு எழுதும் பிள்ளைகள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் பேசியதை எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் தூக்கு எங்கே நடக்கிறது என்று கேட்கலாம். ஏற்காடு போகிறவர்கள் அஸ்தம்பட்டியில் அந்த நீளமான மதிலைப் பார்த்திருப்பார்கள். 1862இல் வந்த சேலம் மத்திய சிறை. தமிழ்நாட்டில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது அந்த மதிலுக்குள்தான்: 1995 ஏப்ரல் 27, ஆட்டோ சங்கர். அதற்கப்புறம் மாநிலத்தில் யாருமில்லை. 2000க்குப் பிறகு நாடு முழுவதிலும் சேர்த்து 8 பேர். கொல்கத்தாவில் 2004, புனேயில் 2012, திகாரில் 2013, நாக்பூரில் 2015, மறுபடி திகாரில் 2020 மார்ச் 20 அன்று ஒரே விடியலில் நான்கு பேர்.

ஆகவே அவன் ஓய்வு பெறும்வரை அப்படி ஒரு நாள் வராமலே போகலாம். ஆனால் கீழ்க்கோர்ட்டுகள் தூக்கு விதிப்பதை நிறுத்தவில்லை. தூக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. 2013இல் திகாரில் அஃப்சல் குருவைத் தூக்கிலிட்டபோது அப்படி ஆள் கிடைக்காமல், சிறை ஊழியர் ஒருவரே முன்வந்து செய்தார் என்று அந்தச் சிறையின் முன்னாள் அதிகாரி எழுதியிருக்கிறார். நெம்புகோலை இழுப்பது ஒருவர் என்றாலும், இரவெல்லாம் அந்த அறை வாசலில் நிற்பது, விடியுமுன் எழுப்புவது, கைபிடித்து நடத்திப்போவது எல்லாம் காவலர்கள்தான். அம்மா கேட்டது சரியான கேள்விதான்.

சொன்னதைச் செய்வது என்ற முதல் வழி அவன் அப்பாவுடையது. "சம்பளம் வாங்கறவன் கேள்வி கேக்கக் கூடாது" என்பார். இதற்கு மத நூல்களிலும் குறளிலும் ஆதரவு நிறைய உண்டு. அரசனிடம் தண்டனை பெற்றவன் பாவம் கழிந்து சொர்க்கம் போகிறான் என்கிறது மனு. ஆள்பவன் வாளைச் சும்மா ஏந்தவில்லை என்கிறார் பவுல். நம்மவர் எல்லோரும் எடுத்துக்காட்டும் குறள் இது:

"கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்."

பயிர் பிழைக்கக் களை பிடுங்குவது போலத்தான் கொடியவர்களைக் கொலைத்தண்டனையால் ஒறுப்பது என்று பரிமேலழகர் பொருள் சொல்கிறார். கருணாநிதி உரையில் கொலைத்தண்டனை இல்லை. கொலை போன்ற கொடுமை செய்தவரைத் தண்டிப்பது என்று மட்டும் இருக்கிறது. 'கொலையில்' என்ற ஒரு சொல்லை எந்தப் பக்கம் சேர்த்துப் படிக்கிறோம் என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது. கொடியவர் யார் யார் என்று பரிமேலழகர் ஒரு பட்டியலும் தருகிறார். அதில் முதலில் வருவது 'தீக்கொளுவுவார்'. தீ வைப்பவர்கள்.

சேலம், தருமபுரிக்காரர்கள் இந்தச் சொல்லைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியாது. 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்ததும் நடந்த கலவரத்தில், தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே எரிந்து போனார்கள். வழக்கு சேலம் கோர்ட்டுக்கு வந்தது. 2007 பிப்ரவரியில் அதிமுகவினர் மூவருக்குத் தூக்கு. அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து டீக்கடையில் நின்றிருந்த நான், "சரியான தீர்ப்பு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னேன். கடையில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அதை இங்கே மறைத்துவிட்டு அறம் பேசினால் பொய்யாகிவிடும்.

இன்று அந்தக் குறளை மறுபடி படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. வள்ளுவர் ஒறுக்கச் சொன்னது வேந்தனிடம். செங்கோன்மை அதிகாரத்தில், முடி சூடியவனுக்குச் சொன்னது. சாதாரண மனிதனுக்கு அவர் சொன்னது வேறு இடத்தில் இருக்கிறது: தன்னுயிர் போவதானாலும் பிறிதோர் இன்னுயிரை நீக்கும் வினையைச் செய்யாதே. வேந்தன் களத்தில் இறங்கிக் களை பிடுங்குவதில்லை. கூலிக்கு ஆள் விடுகிறான். அந்தக் கூலியாள் எந்தக் குறளின் கீழ் வருகிறான் என்று உரையாசிரியர்கள் சொல்லவில்லை.

கொலுசுப் பட்டறைக்காரர் மகனுக்குச் சிலம்புக் கதையைத்தான் சொன்னேன். கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் ஊர்க்காவலர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். கோவலனைப் பார்த்ததும் அவர்கள் தயங்குகிறார்கள். இவன் கொலைப்பட வேண்டியவன் மாதிரித் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அடுக்கிச் சொல்கிறான். அப்போதும் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியில் வாளை வீசுகிறவன் யார் என்று இளங்கோ குறித்து வைத்திருக்கிறார்: 'கல்லாக் களிமகன் ஒருவன்'. படிக்காத, குடித்திருந்த ஒருத்தன். பாண்டியன் 'யானே கள்வன்' என்று விழுந்து செத்ததை நாம் மேடைதோறும் பேசுகிறோம். தயங்கி நின்ற அந்தக் காவலர்களைப் பற்றி நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அவர்கள் இன்னும் ஒரு நாழிகை தயங்கியிருந்தால் மதுரை எரிந்திருக்காது.

உத்தரவு என்றால் உத்தரவுதான் என்பவர்களுக்கு இன்னொன்று. அதே அஸ்தம்பட்டி மதிலுக்குள் 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். அவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் தூக்கு விதிக்கவில்லை. சுட்டவர்களும் உத்தரவுக்குத்தான் சுட்டார்கள். முதல் வழியில் இருக்கும் சிக்கல் இதுதான். எந்த உத்தரவையும் செய்வேன் என்று ஒருவன் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், எந்த மாதிரி உத்தரவு வரும் என்பது அவன் கையில் இல்லை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். வேலையை விட்டுவிட்டால் கை சுத்தமாக இருக்கும் என்று அக்கா நினைக்கிறாள். தூக்கு நடப்பது அரசின் பெயரில். அரசு நம் ஓட்டிலும் வரியிலும் ஓடுவது. பட்டறையில் உட்கார்ந்து சலங்கை கோத்தாலும் அந்தக் கயிற்றில் ஓர் இழை நம்முடையதாக இருக்கும். பட்டறையில் எங்கள் மாமன் மச்சான்கள் எல்லோருக்கும் கண்ணும் முதுகும் போய்விட்டது என்பது வேறு கணக்கு.

சேர்வது, மறுப்பது என்ற நடுவழியைத்தான் நாங்கள் அதிகம் பேசினோம். அதற்கு மதங்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்க ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியம். தூக்கை ஆதரிக்க நாம் மேற்கோள் காட்டும் அதே நூல்களுக்குள் அதைத் தடுக்கும் குரலும் இருக்கிறது.

எமனிடமிருந்து சாவித்திரி மீட்டாளே சத்தியவான், அவனைத் தெரியாதவர் இல்லை. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் அவனுக்கும் அவன் அப்பா துயுமத்சேனனுக்கும் ஒரு வாக்குவாதம் வருகிறது. அப்பன் உத்தரவில் சிலரைக் கொலைக்குக் கொண்டுபோகிறார்கள். சத்தியவான் தடுக்கிறான். ஒரு திருடனைக் கொன்றால் அவன் பெண்டாட்டி, தாய், தகப்பன், பிள்ளை என்று குற்றமே செய்யாதவர்களையும் சேர்த்துக் கொல்கிறீர்கள் என்கிறான். காலம் கெட்டுவிட்டது, பழைய லேசான தண்டனைக்கெல்லாம் இப்போது யாரும் பயப்படுவதில்லை என்கிறார் அப்பா. டீக்கடையில் நான் பேசியது அந்த அப்பா பேச்சுதான். சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவன் பேசியது மற்றது.

பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயிலில் இருப்பது புத்தர் சிலை என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது சேலத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். தொல்லியல் துறை பார்த்துச் சொன்ன பிறகு வந்த தீர்ப்பு. தலை துண்டிக்கப்பட்ட புத்தரை நம் ஆட்கள் முனியப்பனாக்கிக் கும்பிட்டிருக்கிறார்கள். விரல்களை மாலையாகக் கட்டிக்கொண்டு திரிந்த அங்குலிமாலனைக் கொல்ல கோசல மன்னன் படையோடு வந்தபோது, அவன் தலை மழித்துத் துறவியாகப் புத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மன்னன் வணங்கிவிட்டுத் திரும்பிப் போனான். ஆனால் புத்தரைப் பின்பற்றிய அசோகன் மரண தண்டனையை எடுக்கவில்லை. தூக்குக்குரியவர்களுக்கு மூன்று நாள் தவணை கொடு என்று தூணில் வெட்டி வைத்தான். அவ்வளவுதான் ஒரு பேரரசனால் முடிந்தது.

கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் பேசினோம். பாய் சொன்ன முதல் வார்த்தை, "எங்ககிட்ட அந்த முடிவு செத்தவன் வீட்டுக்காரங்க கையில." குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 178ஆம் வசனம் பழிக்குப் பழியை அனுமதிக்கிறது. அதே வசனத்தில் மன்னிக்கவும் வழி இருக்கிறது, அங்கே கொலைகாரனைச் 'சகோதரன்' என்ற சொல்லால் குறிக்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஏமனில் தண்டனை பெற்ற கேரளச் செவிலியருக்கு 2025 ஜூலை 16 என்று நாள் குறித்துவிட்டுக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்ததும், மன்னிப்புக் கேட்டுப் பேச்சு நடந்ததும் இந்த அடிப்படையில்தான். பணக்காரன் இரத்தப் பணம் கொடுத்துத் தப்பிப்பானே என்று அக்கா மகன் கேட்டான். "ஆமா, அந்தக் குறை இருக்கு" என்றார், மறுக்காமல்.

நம் சட்டத்தில் வீட்டாருக்கு இந்த இடம் கிடையாது. கோட்சேவைத் தூக்கிலிட வேண்டாம் என்று காந்தியின் மகன்கள் மணிலாலும் ராம்தாஸும் கேட்டார்கள். 1949 நவம்பர் 15 அன்று அம்பாலாவில் தூக்கு நடந்தது. தருமபுரி வழக்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2010இல் உறுதியான தூக்கை 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மாநில அரசு பரிந்துரைத்து, ஆளுநர் ஒப்பி, மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மகள்களைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தூக்கு வேண்டாம் என்று மனம் மாறியிருந்த நான் அன்றைக்குப் பட்ட கோபம் 2007இல் பட்டதைவிட அதிகம்.

ஏற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம், இருபது கொண்டை ஊசி வளைவும் அவன்தான் பைக் ஓட்டினான். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கத்தோலிக்கர், எனக்குப் பழைய பழக்கம். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்குக் கீழே நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். அவர் தன் சபையைத் தூக்கிவைத்துப் பேசவில்லை. போப்பாண்டவர் ஆண்ட பகுதியிலேயே 1796 முதல் 1864 வரை மரண தண்டனையை நிறைவேற்றும் வேலையில் இருந்த ஒரே ஆள் 500க்கும் மேற்பட்டோரின் உயிரை எடுத்திருக்கிறார். மற்ற நாட்களில் குடைக்கு வண்ணம் தீட்டி விற்பாராம். வேலை இல்லாத நாளில் பாலத்தைத் தாண்டி நகருக்குள் வரவே மாட்டாராம், ஜனங்கள் அவர் முகத்தில் விழிக்க விரும்பாததால். "தண்டனை கொடுக்கச் சொன்னவங்க எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மரியாதையா நடமாடினாங்க தம்பி" என்றார்.

1995 மார்ச்சில் இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர், மரண தண்டனை தவிர்க்கவே முடியாத நிலை இன்று அநேகமாக இல்லை என்று சுற்றுமடல் எழுதினார். அடுத்த மாதமே கீழே அஸ்தம்பட்டியில் கயிறு இறங்கியது. 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலையே திருத்தி, எந்த நிலையிலும் ஏற்க முடியாது என்று எழுத வைத்தார்.

பிறகு அந்த ஆசிரியர் சொன்ன ஒன்றுதான் என் மனதில் தைத்தது. மோசேயின் சட்டத்தில், ஒருவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டுமானால் முதல் கல் சாட்சி சொன்னவன் கையிலிருந்து விழ வேண்டும். நீ பார்த்தேன் என்றாய், அப்படியானால் நீயே தொடங்கு. "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்று இயேசு கேட்டபோது அவர் அந்தச் சட்டத்தைத்தான் நினைவூட்டினார்.

இறங்கி வரும்போது யோசித்தேன். மோசே சாட்சியின் கையில் வைத்தார். இஸ்லாம் வீட்டாரின் நாவில் வைத்தது. வள்ளுவர் வேந்தன் தலையில் வைத்தார். எல்லோரும் கொலைக்கு ஒரு முகம் வேண்டும் என்றார்கள். இன்றைய ஏற்பாடு முழுக்க அந்த முகத்தை அழிப்பதற்காகவே இருக்கிறது. நீதிபதி சட்டம் சொல்கிறது என்பார். ஜனாதிபதி அமைச்சரவை ஆலோசனை என்பார். கண்காணிப்பாளர் வாரண்ட் வந்துவிட்டது என்பார். ஜப்பானில் ஒரே நேரத்தில் பல காவலர்கள் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள், யார் அழுத்தியது வேலை செய்தது என்று தெரியாமலிருக்க. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சுடும் ஐவரில் ஒருவர் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா. நல்ல காரியம் என்றால் யார் செய்தது என்று மறைக்க இவ்வளவு பாடு எதற்கு?

அதே அமெரிக்காவில், மத உணர்வோ மனசாட்சியோ இடம் தராத சிறை ஊழியரைக் கூட்டரசின் மரண தண்டனை வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே மறுக்கிறவன் துறை நடவடிக்கைக்குத் தயாராகித்தான் மறுக்க வேண்டும். இதை அவனிடம் மூடி மறைக்கவில்லை.

என் யோசனை இரண்டாவது வழி. மறுக்கிறவன் குற்றவாளியைத் திறந்துவிடச் சொல்லவில்லை. பூட்டி வைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் என்கிறான். தண்டனைக் குறைப்பே இல்லாத நீண்ட ஆயுள் தண்டனையை 2008 முதல் உச்ச நீதிமன்றம் விதித்துவருகிறது. 2015இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஒப்பியது. கயிற்றுக்கும் 2018இன் விடுதலைக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. தருமபுரிக் கோபம் எனக்கு அங்கேதான் போய் அடங்குகிறது. அப்புறம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் உட்பட மூவருக்கு 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. பேரறிவாளன் வாக்குமூலத்தில் ஒரு முக்கியமான பகுதியை எழுதாமல் விட்டேன் என்று அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் சொன்னார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் அம்மாவோடு வெளியே நின்றார். அந்த செப்டம்பர் 9 காலைக்கு வேலூரில் டியூட்டி போட்டிருந்த காவலர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அக்கா மகன்தான் கேட்டான், நான் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மணிமேகலை பாத்திரத்தோடு புகாரின் சிறைக்குள் போனதால்தான் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது. கொல்ல மனசு வராதவர்கள் எல்லோரும் பட்டறைக்குப் போய்விட்டால், மதிலுக்குள் கல்லாக் களிமகன்கள்தான் மிஞ்சுவார்கள்.

அவன் சேர்வது என்று முடிவெடுத்தான். அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய் விளக்கமாகச் சொன்னான். 1995க்கு அப்புறம் இங்கே யாரையும் போடவில்லை, அப்படியே வந்தாலும் நான் மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெற்றிலையைக் கிள்ளி நரம்பை எடுத்தபடி கேட்டார்:

"அப்ப அந்த மேடையப் பிரிச்சுப் போட்டுட்டாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.

"உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் அம்மாயி" என்றான்.